49வது நாள்

 

போன வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு வந்த சிலர் கேட்டாங்க. "என்னங்க, ரோஸ் சிரப் தண்ணியக் காணோம், மோர் ஊத்துறீங்க? ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து ஓடுறீங்களாமே?" கையில சாம்பார் வாளியோட நின்னுக்கிட்டு ஒழுங்கா பதில் சொல்ல முடியல. அதான் இங்கே எழுதுறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

எங்க மடப்பள்ளிக் குழுவில் 14 பேர். காய் வெட்டுறது, சோறு வடிக்கிறது, பரிமாறுறது, கடைசியில குண்டான் தேய்க்கிறது எல்லாம் நாங்கதான். பக்தர்கள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நாங்க உட்கார மாட்டோம். காலையிலிருந்து சீனி போட்ட தேத்தண்ணியும் பிஸ்கட்டும்தான். மதியம் 3 மணிக்கு மேல மிஞ்சின சோறு, மிஞ்சின வடை, மிஞ்சின பாயசம். பசி வேகத்துல எவ்வளவு உள்ளே போகுதுன்னே தெரியாது. வருஷக்கணக்கா இப்படித்தான். சைவம்தானே, உடம்புக்கு என்ன கெடுதல்னு நினைச்சோம். சைவச் சாப்பாட்டிலேயும் வெள்ளைச் சோறும் எண்ணெயும் சீனியும்தான் முக்கால்வாசி இருந்ததை நாங்க கணக்குல எடுக்கவே இல்ல.

போன தைப்பூசத்துக்கு பத்துமலையில தண்ணீர்ப் பந்தல் போட்டோம். எங்க குழுவில் மூத்தவர், நாங்க பெரியண்ணன்னு கூப்பிடுறவர், 48 நாள் விரதம் இருந்து வந்திருந்தார். உச்சி வெயில்ல தார் ரோட்டில் வெறுங்காலோடு மோர் ஊத்திக்கிட்டே இருந்தார். "அண்ணே, கால் சுடலையா?" "ஒண்ணும் தெரியலையேப்பா, முருகன் பார்த்துக்கிறான்" என்றார். நாங்களும் அதை பக்தின்னு நினைச்சு சிரிச்சோம். ராத்திரி வீட்டுத் தரையில ரத்தக் கறையைப் பார்த்து அண்ணிதான் காலைத் திருப்பிப் பார்த்திருக்காங்க. உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். 10 வருஷமா இனிப்பு நீர் இருந்ததால காலில் உணர்ச்சியே குறைஞ்சு போயிருந்தது. புண் ஆறவில்லை. மூணு வாரம் கழிச்சு ரெண்டு விரலை எடுத்துட்டாங்க.

அந்த மாசமே நாங்க எல்லாரும் கிளினிக்குக்குப் போய் ரத்தம் கொடுத்தோம். 14 பேரில் 6 பேருக்கு இனிப்பு நீர். அதில் 2 பேருக்கு அன்னிக்குத்தான் தெரியும். நம்ம நாட்டில் இது புதுசு இல்ல. 2019ல் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 5 பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் என்று வந்தது. இந்தியர்களிடம்தான் அது ஆக அதிகம். செய்தியாப் படிச்சப்போ உறைக்கல. பெரியண்ணன் காலைப் பார்த்தப்போ உறைச்சது.

உடனே ஆரம்பிச்சோம், ஆனா தப்பா ஆரம்பிச்சோம். தினமும் 5 கிலோமீட்டர், காலை 5.30க்கு. யார் எத்தனை நிமிஷத்தில் முடிச்சாங்கன்னு வாட்ஸ்அப்பில் போடணும். வீட்டில் உப்பு குறைச்சு வேகவச்ச காய். ஒருத்தர் வீட்டில் பிள்ளைங்க தட்டைத் தள்ளிவிட்டுட்டு மாமாக் கடைக்கு ரொட்டி சானாய் சாப்பிடப் போயிட்டாங்க. முட்டி வலி, தூக்கம் இல்ல. மூணாவது வாரம் ஓட வந்தது 5 பேர்தான்.

அப்போ எங்க குழுவில் இருக்கிற அக்கா ஒருத்தங்க சொன்னது எல்லாருக்கும் சுருக்குன்னு பட்டது. "நமக்கு 48 நாள் விரதம் இருக்கத் தெரியும். 49வது நாள் என்ன செய்யறதுன்னு யாருக்குமே தெரியல."

உண்மைதானே? 48 நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கோம், 49வது நாள் எல்லாத்தையும் சேர்த்துச் சாப்பிடுறோம். ஜாலான் துன் எச்.எஸ்.லீ மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்கு வெள்ளித் தேரோடு சுமார் 15 கிலோமீட்டர் நடக்கிறோம். மத்த நாளெல்லாம் கோயில் வாசல் வரைக்கும் கார் போகணும். ஓட்டத்தையும் ஒரு விரதமா ஆக்கினா அதுவும் 48 நாளோட முடிஞ்சிடும். பிடிச்சிருந்தாதான் 49வது நாளும் கால் போகும்.

அதனால எல்லாத்தையும் மாத்தினோம். வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, தித்திவங்சா ஏரிப் பூங்கா. நேரம் பார்க்கிறது கிடையாது. ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைக்கும் மெல்ல ஓட்டம், அதற்கடுத்த கம்பம் வரைக்கும் நடை. ஓடும்போது பக்கத்தில் இருக்கிறவரோடு பேச முடியணும். மூச்சு வாங்கிப் பேச முடியலைன்னா வேகம் அதிகம்னு அர்த்தம். "மெதுவாத்தான் ஓடுவோமே, பஸ்ஸா பிடிக்கப் போறோம்?" இதையும் அதே அக்காதான் சொன்னாங்க. 7 மணிக்கு மேல வெளிச்சம் வரும், தண்ணிக்கு அந்தப் பக்கம் இரட்டைக் கோபுரம் தெரியும். ஒரு நாள் பெரிய பியாவாக் ஒண்ணு குறுக்கே வந்துடுச்சு. அன்னிக்கு எங்க வேகத்தைப் பார்த்திருக்கணும்!

ஓடி முடிச்சதும் பசியாறல். ஆளுக்கு ஒண்ணு, வீட்டில் செய்ததா இருக்கணும். கேழ்வரகு மாவில் முருங்கைக் கீரை போட்ட அடை. முதல் நாள் ராத்திரி ஊற வச்ச கொண்டைக்கடலையை வேகவச்சு, கடுகு, கறிவேப்பிலை தாளிச்சு, எலுமிச்சை பிழிஞ்ச சுண்டல். மஞ்சள், மிளகுத்தூள் பிரட்டி, தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெயில் வாட்டின தெம்பே. இனிப்புக்கு ஒரு உருண்டை: வறுத்த கச்சான் 2 கப், கொட்டை எடுத்த பேரீச்சை 1 கப், வறுத்த எள் 2 கரண்டி, ஏலக்காய். கொரகொரன்னு அரைச்சுப் பிடிச்சா போதும். சீனி இல்லைன்னாலும் பேரீச்சையிலேயே இனிப்பு இருக்கு. அதனால ஆளுக்கு ஒண்ணுதான். இப்போ யார் உருண்டை ருசின்னு போட்டி நடக்குது, யார் முதல்ல ஓடி முடிச்சாங்கன்னு இல்ல.

பிறகுதான் கோயில் சாப்பாட்டுக்கு வந்தோம். "சாமிக்குக் குறை வைக்கலாமா?" என்று ஒரு பாட்டி கோபமாவே கேட்டாங்க. நியாயமான கேள்வி. நைவேத்தியத்தில் நாங்க கை வைக்கல. சர்க்கரைப் பொங்கலில் வெல்லமும் நெய்யும் அதே அளவுதான். பக்தர்களுக்குக் கொடுக்கிற தொன்னை மட்டும் சின்னதாச்சு. சிரப்புக்குப் பதில் நீர்மோர். பொரிச்ச சைவ இறைச்சிக்குப் பதில் தவ்வு, கூட கீரைக் கூட்டு. சோறு போடும் முன்னாடி எவ்வளவுன்னு கேட்டுப் போடுறோம். அப்பளத்தை எடுக்கலாமான்னு பேச்செடுத்தோம். 14 பேரில் ஒருத்தர்கூட ஒத்துக்கல!

எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டோம். ரெண்டு பேர் இன்னும் ஓட வர்றதில்ல. பெரியண்ணனால் இனி ஓட முடியாது. கெட்டியான சப்பாத்து போட்டுக்கிட்டு ஏரியை ஒரு சுற்று நடப்பார், பிறகு எங்க சாப்பாட்டுப் பைகளுக்குக் காவல். சீனி அளவு இறங்கியிருக்கு, டாக்டர் கேட்கிற அளவுக்கு இன்னும் வரல. வர்ற தைப்பூசத்துக்கு 272 படியும் ஏறணும்னு சொல்றார். வெறுங்காலோடன்னு ஆரம்பிச்சார். அண்ணி விடல. "முருகன் சப்பாத்தை சன்னதி வாசல்ல விடச் சொன்னான், காலை விடச் சொல்லல."

வர்ற ஞாயிறு காலை 6.45, பூங்கா கார் நிறுத்துமிடம். ஓடத் தெரியணும்னு இல்ல. தண்ணி போத்தலும் வீட்டில் செய்த ஒரு பலகாரமும் கொண்டு வாங்க. இனிப்பு நீருக்கு மருந்தோ ஊசியோ எடுக்கிறவங்க டாக்டரைக் கேட்டுட்டு வாங்க, சீனி இறங்கினா வாயில் போட ஒரு மிட்டாய் பையில் இருக்கட்டும்.

வர முடியாதவங்க ஒண்ணு மட்டும் செய்யுங்க. இன்னிக்கு ராத்திரி படுக்கும் முன்னாடி உங்க உள்ளங்காலையும், வீட்டில் இருக்கிற பெரியவங்க உள்ளங்காலையும் ஒரு தடவை பாருங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!