ஓம் சொன்னா மட்டும் திக்கலை!

உங்க பேரை உங்களால சொல்ல முடியுமா?

சிரிக்காதீங்க பாஸ், சீரியஸாத்தான் கேக்கறேன். யாராவது 'உன் பேர் என்ன?'னு கேட்டா அடுத்த செகண்ட் பதில் வந்துடும்ல உங்களுக்கு? எனக்கு வராது. என் பேர் 'க'வில ஆரம்பிக்கும். அந்தக் 'க' தொண்டையில வந்து கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்துக்கும். கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணு தானா மூடிக்கும், எதிர்ல இருக்கறவர் முகத்துல முதல்ல சிரிப்பு, அப்புறம் பரிதாபம். திக்குவாய்ங்க!

மத்த வார்த்தைன்னா டபாய்ச்சிடலாம். 'காபி' வரலைன்னா 'டீ' சொல்லிடலாம். (இப்படித்தான் மூணு வருஷமா பிடிக்காத டீயைக் குடிச்சிட்டிருந்தேன்.) திக்கறவங்க ஒவ்வொருத்தர் மண்டைக்குள்ளயும் ஒரு டிக்‌ஷனரி ஓடிட்டே இருக்கும், இந்த வார்த்தைக்குப் பதில் எந்த வார்த்தைன்னு. ஆனா பேருக்கு மாத்து வார்த்தை ஏது?

திருச்சியில பாலக்கரையில ரூம். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஏறினா பத்து நிமிஷ தூரம். கண்டக்டர்கிட்ட 'பாலக்கரை'ன்னு சொல்ல முடியாம, தாண்டிப் போய் 'ஹெட் போஸ்ட் ஆபீஸ்'னு டிக்கெட் வாங்கி, அங்க இறங்கித் திரும்ப நடந்து வருவேன். 'ஹெ' எனக்கு ஈஸியா வரும். ஏன்னு அப்பத் தெரியாது. அந்த மேட்டருக்கு அப்புறம் வர்றேன்.

காலேஜ்ல என் பட்டப்பேர் 'பஃபரிங்'. வெச்சவன் நல்ல கற்பனைக்காரன், ஒத்துக்கறேன்.

முதல் வருஷம் என்.எஸ்.எஸ்., என்.சி.சி., யோகா... மூணுல ஒண்ணு எடுத்தே ஆகணும்னாங்க. என்.சி.சி-ல நம்பர் கத்தணும். என்.எஸ்.எஸ்-ல வீடு வீடாப் போய்ப் பேசணும். யோகாவுல பேச்சே இருக்காதுன்னு நம்பி அதுல சேர்ந்தேன். காலையில ஆறு மணி, ஆடிட்டோரியத்துல ஜமுக்காளம், நாப்பது பேர் கொட்டாவி. மாஸ்டர் வந்தாரு, உக்காந்தாரு, 'எல்லாரும் மூணு தடவை ஓம் சொல்லுங்க'ன்னாரு.

போச்சுடா!

முதல் வாரம் வாயை மட்டும் அசைச்சேன். சினிமா டூயட்ல ஹீரோ பாடுவாரே, அந்த மாதிரி. ரெண்டாவது வாரம் பக்கத்துல இருந்தவன் 'சத்தம் வரலியே மாப்ள'ன்னு முழங்கையால இடிச்சான். வேற வழியில்லாம வாயைத் திறந்தேன். நாப்பது பேர் குரலோட என் குரலும் கிளம்பி நீளமாப் போய், கடைசியில 'ம்ம்ம்'னு மூக்குல அதிர்ந்து அடங்குச்சு. திக்கலை.

தற்செயல்னு நினைச்சேன். அடுத்து 'சஹனாவவது' சொன்னாங்க. வாய்க்குள்ள நுழையாத சமஸ்கிருதம். அதுவும் திக்கலை! கிளாஸ் முடிஞ்சதும் பாத்ரூமுக்குள்ள போய்க் கண்ணாடி முன்னாடி என் பேரைச் சொல்லிப் பாத்தேன். பழைய கதவு, பழைய பூட்டு.

உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு... அன்னிக்கு எனக்கு மந்திர சக்தி மேல நம்பிக்கை வந்துடுச்சு. ரூம்மேட்கிட்ட சொன்னேன். அவன் பெரியார் புக்ஸைத் தலைமாட்டுல வெச்சுத் தூங்கறவன். 'டேய், நாப்பது பேரும் சேர்ந்து ஒண்ணாம் வாய்ப்பாடு சொன்னாக்கூட உனக்குத் திக்காது. வா, டெஸ்ட் பண்ணலாம்'னான். ரெண்டு பேரும் சேர்ந்து பதினாறாம் வாய்ப்பாடு சொன்னோம். சுத்தமாத் திக்கலை. எனக்குக் கோபம் கோபமா வந்துச்சு. பின்ன? கடவுள் எனக்குன்னு ஸ்பெஷலா ஒண்ணு கொடுத்தாருன்னு நினைச்சா, வாய்ப்பாடும் அதையே பண்ணுதே!

அவன் சொன்னது நெஜம்தான். சேர்ந்து சொல்லும்போதும், பாடும்போதும் திக்கறவங்க பெரும்பாலும் திக்க மாட்டாங்க. பேச்சுப் பயிற்சி தர்றவங்களுக்கு இது ரொம்ப வருஷமாத் தெரிஞ்ச சமாசாரம். பெரியவங்கள்ல நூத்துல ஒருத்தருக்குத் திக்கல் இருக்கு, ஆம்பளைங்கதான் அதிகம். உங்க கிளாஸ் பெருசுன்னா, அதுலயும் ஒருத்தன் கடைசி பெஞ்சுல டீ குடிச்சிட்டு இருப்பான், பாத்துக்கங்க.

ஆனா வாய்ப்பாட்டுக்கும் மந்திரத்துக்கும் வித்தியாசமே இல்லையான்னு மனசு அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. லைப்ரரியில போய் உக்காந்தேன். பதஞ்சலியோட யோக சூத்திரம் மொத்தமே 200 வரிக்குள்ளதான். அதுல ஆசனத்துக்கு எத்தனை வரி தெரியுமா? மூணே மூணு. நாம வளையறது, நெளியறது, தலைகீழா நிக்கறது எல்லாத்தையும்விட முன்னாடி, முதல் அத்தியாயத்துலயே பிரணவம் வந்துடுது. அதைத் திரும்பத் திரும்பச் சொல்லு, அர்த்தத்தை மனசுல வெச்சுக்கோங்கறாரு. கொஞ்சம் தள்ளி இன்னொரு லிஸ்ட் தர்றாரு. மனசு சிதறினா கூடவே என்னென்ன வரும்? துக்கம், சோர்வு, உடம்பு நடுக்கம், ஒழுங்கில்லாத மூச்சு. படிச்சிட்டு நிமிர்ந்து உக்காந்தேன். மேடை ஏறினா எனக்கு வர்ற நாலும் வரிசையா அங்க இருந்துச்சு!

நம்ம திருமூலர் இன்னும் கறார். மூச்சை இழுக்க 16 மாத்திரை, நிறுத்த 64, வெளியே விட 32ன்னு கணக்கே போட்டுக் கொடுத்திருக்காரு. (64 எல்லாம் ஆள் இல்லாம ட்ரை பண்ணிடாதீங்க, ப்ளீஸ்.) கைக்கடிகாரம் இல்லாத காலத்துல அந்தக் கணக்கை எதை வெச்சு அளக்கறது? மந்திரம்தான் ஸ்டாப்வாட்ச். ஒரு மந்திரத்தை ஒரே மூச்சுல சொல்லி முடிக்கணும்னா வெளிமூச்சு தானா நீளும். நீண்டா நிதானம் வரும். மைசூர்ல யோகா சொல்லிக் கொடுத்துட்டு 1952ல மெட்ராஸுக்குக் குடிவந்த கிருஷ்ணமாச்சார்யா, ஆசனம் பண்ணும்போதே மந்திரம் சொல்ல வெச்சது இதுக்காகவும்தான். அவர் மகன் தேசிகாச்சார் 1976ல சென்னையில ஆரம்பிச்ச கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்துல, வேத பாராயணத்தைத் தனியாவே சொல்லித் தர்றாங்க.

மதத்தை விட்டுட்டு மூச்சை மட்டும் அளந்தும் பாத்திருக்காங்க. இத்தாலியில லூசியானோ பெர்னார்டிங்கற டாக்டரும் அவர் குழுவும் 23 பேரை உக்கார வெச்சு, லத்தீன்ல ஜெபமாலை சொல்லச் சொன்னாங்க. அப்புறம் 'ஓம் மணி பத்மே ஓம்' சொல்லச் சொன்னாங்க. சும்மா இருக்கும்போது நமக்கு நிமிஷத்துக்கு 12லருந்து 20 மூச்சு வரைக்கும் ஓடும். இந்த ரெண்டுலயும் அது சுமார் 6க்கு இறங்கிடுச்சு. ரத்த அழுத்தத்தைச் சரி பார்க்கற உடம்போட அனிச்சைச் செயலும் சுறுசுறுப்பாச்சு. 2001 டிசம்பர்ல 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்'ல வந்துச்சு இது. எங்க கிளாஸ்ல ஒரு கிறிஸ்தவத் தோழி. ஓம் சொல்லும்போது மட்டும் கண்ணை மூடி அமைதியா இருப்பா. அவகிட்ட இதைக் காட்டினேன். 'எங்க பாட்டி தினம் சாயந்திரம் ஜெபமாலை சொல்லி முடிச்சதும் ஏன் சண்டையே போட மாட்டாங்கன்னு இப்பத்தான் புரியுது'ன்னா!

'ம்ம்ம்' மேட்டர் தனி. ஸ்வீடன்ல வைட்ஸ்பெர்க், லுண்ட்பெர்க்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2002ல சொன்னது: வாயை மூடி ஹம் பண்ணினா, சும்மா மூச்சு விடறதைவிட மூக்குலருந்து 15 மடங்கு நைட்ரிக் ஆக்ஸைடு வெளியே வருது. சைனஸுக்குள்ள காத்து நல்லாப் போய்ட்டு வருதுன்னு அர்த்தம். ஹட யோக பிரதீபிகையில வர்ற பிராமரி, அதான் வண்டு மாதிரி ரீங்காரம் பண்ற பயிற்சி, அதுவும் இதே ஹம்தான்.

ஆனா ஒண்ணு. 'சூரியன் ஓம்னு சொல்லுது, நாசாவே ரெக்கார்ட் பண்ணிடுச்சு'ன்னு ஒரு ஃபார்வர்டு வரும்ல, அதை நம்பாதீங்க. சோஹோ விண்கலம் (நம்ம ஊர் கம்பெனி இல்லீங்க!) பதிவு பண்ண சூரியனோட அதிர்வுகளைக் காதுக்குக் கேக்கற மாதிரி மாத்தி 2018ல வெளியிட்டாங்க. அதுல ஒரு உர்ர்ர்... அவ்வளவுதான். இந்தப் பக்கம் இப்படின்னா அந்தப் பக்கம் இன்னொரு கூத்து. அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல, பள்ளிக்கூடங்கள்ல 1993லருந்து யோகாவுக்கே தடை. 2021ல தடையைத் தூக்கினாங்க. ஆனா மந்திரம் சொல்லக்கூடாது, 'நமஸ்தே'கூடச் சொல்லக்கூடாதுன்னு சட்டத்துலயே எழுதிட்டாங்க! நம்ம ஊர்லயும் 2015ல முதல் யோகா தினம் வந்தப்போ, ஓம் கட்டாயமா இல்லையான்னு பெரிய பஞ்சாயத்து நடந்துச்சு. என்னைக் கேட்டா, விருப்பமில்லாதவன் வாயில எந்த வார்த்தையையும் திணிக்கக்கூடாது. வார்த்தை வாயில மாட்டிக்கிட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

சரி, என் கதைக்கு வர்றேன்.

ரெண்டாவது வருஷம் ஜூன் 21. ஆயிரம் பேர் கிரவுண்டுல. மேடையில நின்னு மைக்ல முதல் ஓம் சொல்ல ஆள் வேணும். மாஸ்டர் என்னைக் கை காட்டினாரு. ஒரு வருஷமா நான் நல்லாச் சொல்றதைத்தான் அவர் கேட்டிருக்காரு. எனக்குத் திக்கும்னே அவருக்குத் தெரியாது. நானும் சொல்லலை. 'ஓம்தானே, வந்துடும்'னு ஒரு மிதப்பு.

மைக் முன்னாடி நின்னேன். மூச்சை இழுத்தேன். வாயைத் திறந்தேன்.

வரலை.

அப்பத்தான் புரிஞ்சுது, இவ்வளவு நாளா நான் தனியா ஓம் சொல்லவே இல்லை. நாப்பது பேர் முதுகுல உக்காந்து சவாரி போயிருக்கேன். அஞ்சு செகண்ட் இருக்குமா? அஞ்சு செமஸ்டர் மாதிரி இருந்துச்சு. முன் வரிசையில ஒரு பெரிய மனுஷர் பக்கத்துல இருந்தவர் காதுல ஏதோ சொல்லிச் சிரிச்சாரு. அவர் யாரு, என்னங்கறது வேணாம் விடுங்க. கூட்டத்துக்குள்ள எங்கிருந்தோ ஒரு குரல் 'ஓ...'ன்னு எடுத்துக் கொடுத்துச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டு எல்லாரும் சொன்னாங்க. நானும் சொன்னேன்.

எடுத்துக் கொடுத்தது யாருன்னு நினைக்கறீங்க? பெரியார் புக் பார்ட்டி! ராத்திரி ரூம்ல கேட்டதுக்கு 'சும்மா தொண்டையைச் செருமினேன்டா'ன்னான். இன்னிக்கு வரைக்கும் ஒத்துக்கலை.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் யோகா கிளாஸ் பக்கமே போகலை. அவன்தான் பிடிச்சு இழுத்துட்டுப் போய், அரசு ஆஸ்பத்திரியில ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் அக்கா முன்னாடி உக்கார வெச்சான். அவங்க கேட்ட முதல் கேள்வி, 'எந்த வார்த்தை ஈஸியா வரும்?' யோசிச்சு, 'ஹ... ஹெட் போஸ்ட் ஆபீஸ்'னேன். அவங்க சிரிக்கலை. 'ஹ சொல்லணும்னா முதல்ல மூச்சு வெளியே வரணும், அப்புறம்தான் குரல். அதான் உனக்குக் கதவு பூட்டலை. க-வுக்கும் ப-வுக்கும் நீ மூச்சை அடைச்சு வெச்சுக்கிட்டு உள்ளருந்து முட்டற'ன்னாங்க. ஈஸி ஆன்செட்னு பேராம். முதல்ல மூச்சை லேசா விடு, அதுக்கு மேல குரலை வை, உயிரெழுத்தைக் கொஞ்சம் நீட்டு. கேக்கும்போதே எங்கயோ கேட்ட மாதிரி இருக்குல்ல? அ-வுல மெதுவாத் தொடங்கி, உ-வுல குவிச்சு, ம்-ல மூடறது. ஒரு வருஷமாக் காலையில ஆறு மணிக்கு நான் பண்ணிட்டு இருந்தது அதேதான். என்ன, கூட்டத்துல பண்ணிட்டு இருந்தேன்.

ஜபத்துல மூணு வகை சொல்வாங்க. சத்தமா, உதடு மட்டும் அசைய, மனசுக்குள்ள. மனசுக்குள்ள சொல்றதுதான் உசத்தின்னு மரபு. எனக்கு அது உல்ட்டா. மனசுக்குள்ள எவனுக்குமே திக்காதே! அங்கருந்து தனிமையில உதட்டுக்கு, உதட்டுலருந்து சத்தத்துக்கு, சத்தத்துலருந்து ரூம்மேட் முன்னாடின்னு ஒவ்வொரு படியா இறங்கி வந்தேன். மொட்டை மாடியில தினம் காலையில, ஒத்தை ஆளா. முதல் நாள் ஏழு நிமிஷம் ஆச்சு ஒரு ஓம் வர்றதுக்கு. கீழ் வீட்டுப் பாட்டி, 'தம்பிக்கு வயித்து வலியா?'ன்னு கேட்டாங்க.

அந்த செமஸ்டர் வைவா. எக்ஸ்டர்னல் நிமிர்ந்து பாத்து 'நேம்?'னாரு. டேபிளுக்குக் கீழ கட்டைவிரலால விரல்கணுவை எண்ணிக்கிட்டே ஒரு மூச்சை வெளியே விட்டேன். 'சார், எனக்குக் கொஞ்சம் திக்கும். டைம் கொடுங்க'ன்னு சொன்னேன். இதை அதுவரைக்கும் யார்கிட்டயும் நானாச் சொன்னதில்லை. அவர் பேனாவைக் கீழ வெச்சுட்டு, 'டேக் யுவர் டைம்'னாரு. பேர்ல ஒரு தடவை மாட்டிச்சு, ரிஜிஸ்டர் நம்பர்ல ரெண்டு தடவை. மார்க் 71. ரெண்டு கேள்விக்குப் பதில் தெரியலை, அதுக்குத் திக்கல் காரணமில்லை!

இப்பவும் திக்குது பாஸ். ஃபோன்ல அதிகமாத் திக்குது. யோகா கிளாஸுக்குத் திரும்பப் போனேன். மாஸ்டர்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். அன்னிலருந்து அவர் முதல் ஓமை ஒரு செகண்ட் அதிகமா நீட்டறாரு.

நேத்து சத்திரத்துல பஸ் ஏறினேன். செம கூட்டம். கண்டக்டர் விசிலைக் கடிச்சுக்கிட்டுக் கையை நீட்டினாரு. மூச்சை விட்டு, 'பா...ஆலக்கரை ஒண்ணு'ன்னேன். அவர் ஏற இறங்கப் பாத்துட்டு, 'என்ன தம்பி, பாட்டாவே பாடற?'ன்னு டிக்கெட்டைக் கிழிச்சுக் கொடுத்தாரு. முந்தாநாள் ஹெட் போஸ்ட் ஆபீஸ்லருந்துதான் நடந்து வந்தேன்.