மூணாவது சிலிண்டரும் தம்பி மேல போட்ட பழியும்



புரட்டாசி முதல் சனிக்கிழமை, சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலுக்கு எங்கள் காரில் வர வேண்டிய ஐந்து பெரியவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்தார்கள். ஏன்னு பலர் கேட்டீங்க. "கார் ரிப்பேர்" என்று மட்டும் சொல்லிவிட்டு அன்னதான வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். முழுக்கதையையும் இப்போ சொல்றோம். இதில் எங்கள் தப்பும் இருக்கு.

நடக்கச் சிரமப்படும் பெரியவர்களை அழைத்துவர எங்களிடம் இருப்பது ஒரே ஒரு கார். எங்களில் ஒரு அண்ணனுடையது. ஏழு பேர் உட்காரும் பழைய பெட்ரோல் வண்டி. அன்று அங் மோ கியோவில் ஆளேற்றிக்கொண்டு சி.டி.இ.யில் வரும்போது வண்டி குலுங்க ஆரம்பித்தது. மஞ்சள் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னியது. ஓட்டியவன் எங்கள் குழுவிலேயே சின்னவன், என்.எஸ். முடித்து இப்போதுதான் வேலைக்குப் போகும் தம்பி. பதறாமல் அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, ஒரு புளோக் கார் பார்க்கில் நிறுத்தி, பெரியவர்களை இரண்டு டாக்சியில் ஏற்றி அனுப்பினான்.

அன்று சாயந்திரமே நாங்கள் தீர்ப்புச் சொல்லிட்டோம். அண்ணன் எப்பவும் 95 போடுவார். முந்தின நாள் பெட்ரோல் போட்ட தம்பி, காசு மிச்சமாகட்டும் என்று 92 போட்டிருந்தான். "நீ போட்ட பெட்ரோல்தான் காரணம்"னு எல்லார் முன்னாலயும் சொன்னோம். அவன் ஒண்ணுதான் சொன்னான்: "அண்ணே, காலி வண்டியில ஒண்ணுமே தெரியல. ஆள் ஏறின பிறகு, ஆக்சிலேட்டரை மிதிச்சாத்தான் குலுங்குது." யாரும் அதைக் காதுல வாங்கல.

மறுநாள் 98 போட்டு டேங்கை நிரப்பினோம். பெட்ரோல் கிளீனர் ஒரு பாட்டிலும் ஊற்றினோம். தேக்கா வரை காலியாக ஓட்டிப் பார்த்தோம். வண்டி நல்லா ஓடுச்சு. "பார்த்தீங்களா, பெட்ரோல்தான்" என்று எங்களுக்குள்ளேயே மெச்சிக்கொண்டோம்.

இரண்டாவது சனிக்கிழமை, பெரியவர்கள் ஏறியதும் மறுபடி அதே குலுக்கல். அன்று ஓட்டியது அண்ணன். பின் சீட்டில் இருந்த பாட்டி பயந்துபோய், "அடுத்த வாரம் நான் வீட்டிலேயே கும்பிட்டுக்கிறேன்பா" என்றார். தம்பி அன்று சேவைக்கே வரவில்லை. ஃபோன் பண்ணினால் "வேலை இருக்கு" என்றான்.

திங்கட்கிழமை சின் மிங் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனோம். அங்கே ஒரு சீனப் பெரியவர். ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசுவார். பெட்ரோல் கதையை நாங்கள் சொல்லி முடிப்பதற்குள் ஸ்கேனரைச் செருகிவிட்டார். திரையில் பி0303 என்று வந்தது. மூணாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம்.

அவர் எங்களைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "நாலு சிலிண்டருக்கும் ஒரே டேங்க்கிலிருந்துதானே பெட்ரோல் போகுது? பெட்ரோல் கெட்டிருந்தா மூணாவது மட்டும் ஏன் கோளாறு பண்ணணும்?"

எங்களிடம் பதில் இல்லை.

ஒரு சிலிண்டர் எரிய மூன்று விஷயம் வேணும்: சரியான அளவில் காற்றும் பெட்ரோலும், நல்ல அமுக்கம், சரியான நேரத்தில் தீப்பொறி. எது குறைந்தாலும் மிஸ்ஸிங்தான். கோட் எந்த சிலிண்டர் என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது. அதனால் அவர் எந்தப் பார்ட்டையும் வாங்கச் சொல்லவில்லை. மூணாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் மாட்டினார், முதலாவதை மூணாவதில் மாட்டினார். எங்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று ஓட்டினார். திரும்பி வந்தபோது கோட் பி0301. காயில் போன இடத்துக்கே கோளாறும் போய்விட்டது. அப்போ காயில்தான். கோட் மூணாவதிலேயே நின்றிருந்தால் பிளக், இன்ஜெக்டர், அமுக்கம் என்று வரிசையாகப் பார்ப்பாராம்.

தம்பி சொன்னதும் அப்போதுதான் புரிந்தது. பாரம் ஏறி ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் தீப்பொறி தாவ அதிக வோல்டேஜ் வேணும். பலவீனமான காயில் காலி வண்டிக்குச் சமாளிக்கும், ஏழு பேரை ஏற்றினால் திணறும்.

சரி, காயிலை மாத்திட்டுப் போகலாம்னு நினைச்சோம். பெரியவர் விடவில்லை. மூணாவது பிளக் இருக்கும் குழிக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே எஞ்சின் ஆயில் தேங்கி இருந்தது. வால்வ் கவர் கேஸ்கெட்டும் பிளக் குழியின் ரப்பர் சீலும் வெப்பத்தில் இறுகிப்போய் ஆயில் கசிந்திருக்கிறது. காயிலின் ரப்பர் உறை அதில் ஊறிக் கெட்டிருக்கிறது. "காயிலை மட்டும் மாத்தினா கொஞ்ச நாள்ல திரும்பி வருவீங்க" என்றார். கேஸ்கெட், சீல்கள், ஒரு காயில், நாலு பிளக் மாற்றினோம். இன்ஜெக்டரைத் தொடவே இல்லை.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சின் விளக்கு நின்று எரிந்தால் சீக்கிரம் பட்டறைக்குப் போங்க. மின்னினால் ஓட்டாதீங்க. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே சூடேறி அதைக் கெடுத்துவிடும். அதை மாற்றும் செலவு ஒரு காயிலைவிடப் பல மடங்கு. எக்ஸ்பிரஸ்வேயில் நின்றுவிட்டால் பதற வேண்டாம். இமாஸ் மீட்பு வண்டி பக்கத்தில் உள்ள குறிப்பிட்ட கார் பார்க் வரை இலவசமாக இழுத்துச் செல்லும்.

மூன்றாவது சனிக்கிழமைக்கு முந்தின இரவு, தம்பி வீட்டுக்கு நாங்கள் நாலு பேரும் போனோம். எல்லார் முன்னாலும் பழி சொன்னோம், அதனால் மன்னிப்பும் எல்லாருமாகவே கேட்டோம். அவன் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "எந்த சிலிண்டர் அண்ணே?"ன்னு கேட்டான். அவங்க அம்மா டீ போட எழுந்து போனார்கள்.

மறுநாள் காலையில் ஓட்டியது அவன்தான். பாட்டியும் வந்தார்கள், முன் சீட்டில்.

அடுத்த சனிக்கிழமையும் கார் உண்டு. வர விரும்பும் பெரியவர்கள் வியாழக்கிழமைக்குள் எங்களிடம் சொல்லிவிடுங்கள்.