குடத்தில் எங்கள் பெயர்

ஞாயிற்றுக்கிழமை. உத்திரமேரூர் கடைத்தெருவில் அவசரமில்லாமல் பிஞ்சுக் கத்தரிக்காயாகப் பொறுக்கினேன். 'எப்ப வருவே?' என்று யாரும் போன் செய்யவில்லை. திரும்பும்போது வைகுண்டப் பெருமாள் கோயில் நிழலில் சற்று உட்கார்ந்தேன். அங்கே பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன; ஆண்டு 919, 921. ஓலையில் பெயர் எழுத 35 முதல் 70 வயது, சொந்த நிலம், வேதப் படிப்பு வேண்டும். பெண்ணுக்கு இடமில்லை.

இரவு நான்கு தோழிகள் சாப்பிட வந்தார்கள். ஒருத்தி வார்டு உறுப்பினர். 2016-இல் வந்த சட்டப்படி உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. ஆனாலும், கூட்டத்துக்குத் தன் கணவர் போவதைப் போன மாதம்தான் அவளால் நிறுத்த முடிந்தது.

இருபது வருஷம் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியின் அடியை வழித்துத் தின்றவள் நான். அன்று ஒரே பந்தியில் உட்கார்ந்தேன். குழம்பு சூடாக இருந்தது.

பாத்திரம் யார் கழுவுவது? சீட்டு எழுதிச் சொம்பில் போட்டோம். வார்டு உறுப்பினர் பெயர் வந்தது.

"இதுக்குன்னா மட்டும் எம்பேரு முதல்ல வந்துடுது" என்றாள்.

சிரித்துக்கொண்டே எல்லோரும் எழுந்தோம்.