விறகு வெட்ட கரண்ட் செயின்சோ வாங்கப்போகும் உறவுகளுக்கு



போன மாரியில் எங்கள் வளவில் நின்ற வேப்பமரம் மதிலோடு சரிந்து விழுந்தது. மூன்று மாதமாக அப்படியே கிடந்தது. இப்போது நோன்பு நெருங்குகிறது, கஞ்சிப் பானைக்கு விறகு வேண்டும். 2022இல் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறி, அந்த விலைக்கும் கிடைக்காமல் நாங்கள் வரிசையில் நின்றது ஞாபகம் இருக்கும்தானே? அன்றிலிருந்து உம்மா விறகடுப்பைக் கைவிட்டதே இல்லை. வாப்பாவுக்கோ இனிக் கோடாலி தூக்க ஏலாது. அதனால் ஒரு செயின்சோ வாங்குவோம் என்று வீட்டில் எல்லோரும் பேசி முடிவெடுத்தோம்.

பெற்றோல் மெசின் பலம் கூடியது. ஆனால் ஒயில் கலக்க வேண்டும், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ண வேண்டும், சத்தமோ பக்கத்து வீட்டுப் பிள்ளையை எழுப்பிவிடும். வருசத்தில் நாலைந்து நாள் வேலைக்கு அது எங்களுக்குத் தேவையில்லை. பற்றரியில் ஓடும் சின்ன வாள் கொப்பு வெட்ட நல்லது, அடிமரத்துக்குள் போனால் சீக்கிரம் சார்ஜ் இறங்கிவிடும். மரம் கிடப்பது வீட்டுக்குப் பக்கத்தில் என்பதால் வயரில் ஓடும் மெசினே போதும் என்று நினைத்தோம்.

வாங்கமுதல் மச்சானின் 2,000 வாற்று மெசினை இரவல் எடுத்துப் பார்த்தோம். பிழை விட்டது அங்கேதான். மெல்லிய எக்ஸ்டென்சன் வயரை, சுருளைக்கூட அவிழ்க்காமல், ஹோலில் இருந்த பழைய 5 அம்பியர் பிளக்கில் குத்தினோம். பத்து நிமிடம் போகவில்லை, றப்பர் கருகும் மணம் வந்தது. ஓடிப்போய் மெயினை நிறுத்தினோம். சுருளின் உள்பக்கம் உருகி ஒட்டிக்கிடந்தது. அதற்குப் பக்கத்தில்தான் எங்கள் சின்னவன் இருந்து விளையாடிக்கொண்டிருந்தான். அல்லாஹ் காப்பாற்றினான்.

வெட்கம் என்னவென்றால், வலுவை வோல்ற்றளவால் பிரித்தால் மின்னோட்டம் வரும் என்று வகுப்பில் படிப்பிக்கிறவர்கள் நாங்கள். 2,000ஐ 230ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 8.7 அம்பியர். 5 அம்பியர் பிளக் அதை எப்படித் தாங்கும்? கரும்பலகையில் தெரிந்த கணக்கு வளவில் ஞாபகம் வரவில்லை.

பிறகு 13 அம்பியர் பிளக்கும், 1.5 சதுர மில்லிமீற்றர் கம்பி உள்ள தடித்த வயரும் எடுத்தோம். வயரை முழுதாக அவிழ்த்து, வாளுக்குப் பின்பக்கமாக விட்டோம். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று டெஸ்ட் பட்டனை அமத்திப் பார்த்தோம். மழை ஈரத்தில் மெசினைத் தொடுவதே இல்லை.

எங்கள் மெசின் 14 இஞ்சி பார் உள்ளது. வீட்டு விறகுக்கு அது தாராளம். வாங்கும்போது வாற்றை மட்டும் பார்க்காதீர்கள். முன்பக்கத்தில் செயின் பிரேக் இருக்கிறதா, செயினுக்குத் தானாக ஒயில் போகிறதா, மாற்றுச் செயின் நம்ம ஊரிலேயே கிடைக்குமா என்று கேளுங்கள். பாரின் நுனி மேல்பக்கம் மரத்தில் பட்டால் வாள் முகத்துக்கு நேரே எகிறும். அதனால் நுனியால் வெட்டவே கூடாது. கண்ணாடி, சப்பாத்து இல்லாமல் யாரும் தொடக்கூடாது என்பது இப்போது வீட்டுச் சட்டம். செயின்சோ வைத்திருப்பவர்கள் பதிய வேண்டும் என்று 2018இல் அறிவித்திருந்தார்கள். உங்கள் மெசினுக்கும் பதிவு வேண்டுமா என்று பொலிஸில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நிற்கிற பலா, ஈரப்பலா, பெண் பனையை அனுமதி இல்லாமல் வெட்ட ஏலாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொரு விசயம். வருசா வருசம் எங்களுக்கு விறகு கொத்தித் தரும் காக்கா, மெசின் சத்தம் கேட்டு வந்து கேற்றடியில் நின்றார். "இனி நம்மட தொழில் போச்சு சேர்" என்றார். எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உம்மாதான் உள்ளே இருந்து சொன்னா: "மெசின் துண்டுதான் போடும் மகன். பிளக்கிறது யாரு? கோடாலிய எடுத்திட்டு வாங்க."

உண்மைதான். குறுக்கே அறுப்பதற்குத்தான் அந்த வாள். குற்றியைப் பிளக்க இன்னும் கோடாலியும் ஆப்பும்தான் வேண்டும். ஆனால் மூன்று நாள் வேலை ஒரு நாளில் முடிந்தது. நாட்கூலி கொடுத்தால் அவருக்கு இரண்டு நாள் நட்டம். "நாளுக்குப் பேசாதீங்க, குவியலுக்குப் பேசுங்க" என்றா உம்மா. போன வருசம் கொடுத்த அதே தொகையைக் கொடுத்தோம்.

மெசின் வாங்குகிறவர்கள் வயரைக் கவனியுங்கள். உங்கள் வீட்டுக்கு வருகிற காக்காவையும் மறந்துவிடாதீர்கள். நோன்பை நல்லபடியாக அடைய அல்லாஹ் நம் எல்லோருக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.