வத்தல்மலையில் கரடி தூங்குமா?

அரையாண்டுத் தேர்வு விடுமுறை என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் தருமபுரியில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் அந்தக் குட்டிப் பெண்ணுக்கு மட்டும் ஒரு தலைவலி. "குளிர்காலத்தில் தூங்கும் விலங்குகள்" என்று நோட்டில் இரண்டு பக்கம் எழுதி, படமும் ஒட்டி வர வேண்டும். கடையில் வாங்கிய படத்தில் பனி இருந்தது, குகை இருந்தது, கரடி இருந்தது. ஒட்டியாகிவிட்டது. ஒட்டிய பிறகுதான் சந்தேகம் வந்தது.

"அப்பா, இங்கயும் குளிருதே... வத்தல்மலைல கரடி தூங்குமா?"

அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. (எந்த அப்பாவுக்குத்தான் தெரியும்!) "போய்ப் பாத்துட்டா போச்சு" என்று சொல்லித் தப்பித்தார். சொன்ன சொல்லுக்காக மறுநாளே வேன் பிடிக்க வேண்டியதாயிற்று. அப்பா, அம்மா, பாப்பா, கூடவே ஆயா. ஆயாவுக்கு முட்டி வலி, வளைவு ஏறினால் வாந்தி வரும் என்று அம்மாவுக்குக் கொஞ்சம் தயக்கம். ஆயாவோ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக வண்டியில் உட்கார்ந்துவிட்டார்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இதற்காகவே பூங்காக்களில் குளிர்கால நிகழ்ச்சிகள் நடத்துவார்கள். குடும்பத்தோடு போகலாம். சருகைக் குவித்து முள்ளெலிக்கு வீடு கட்டலாம், குகை மாதிரி செய்த கூடாரத்துக்குள் பிள்ளைகள் தவழ்ந்து போகலாம். பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊரில் 1887-ல் இருந்து ஒவ்வொரு பிப்ரவரி 2-ம் தேதியும், தூங்கி எழும் ஒரு பிராணியைப் பார்க்க ஊரே திரள்கிறது. நமக்கு அப்படி ஒன்றும் இல்லை. மலைதான் பூங்கா, ஆயாதான் கைடு :-)

தருமபுரியில் இருந்து சுமார் 25 கிலோமீட்டர். கிழக்குத் தொடர்ச்சி மலையில், கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரம். இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். மேலே மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள். சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் மேல் மிளகுக் கொடி, கீழே காபிச் செடி. மார்கழியில் போனால் காபிப் பழம் சிவந்து கிடக்கும். வாயைத் திறந்தால் புகை வரும்.

பாப்பா நோட்டும் பென்சிலுமாக இறங்கினாள். பாறை இடுக்கு, மரப்பொந்து, புதர் எல்லாம் பார்த்தாயிற்று. தூங்குகிற ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு ஓணான் மட்டும் பாறை மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வெயில் ஏறியதும் அதுவும் ஓடிப்போயிற்று. பாப்பாவின் முகம் தொங்கிவிட்டது.

ஏன் ஒன்றும் கிடைக்கவில்லை? குளிர் வந்தால் தூங்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் தூக்கத்துக்குக் காரணம் வெறும் குளிர் இல்லை, பஞ்சம். வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். வரவு நின்றுபோகிற மாதங்களில் என்ன செய்வோம்? செலவைக் குறைப்போம், சேமிப்பில் கை வைப்போம். காஷ்மீரின் கருங்கரடி அதைத்தான் செய்கிறது. இலையுதிர் காலத்தில் தின்று கொழுப்பைச் சேர்க்கிறது. பனி மூடித் தீனி இல்லாமல் போனதும் படுத்துவிடுகிறது. இதயம் மெதுவாகத் துடிக்கும். மாதக்கணக்கில் சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை. லடாக்கின் மர்மோட் இன்னும் கெட்டி, வருஷத்தில் பாதிக்கு மேல் வளைக்குள்தான்.

நம் பக்கத்துக் கரடிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அதற்குக் கரையான் வருஷம் முழுக்கக் கிடைக்கும். வரவு நிற்பதே இல்லை என்றால் எதற்குத் தூங்க வேண்டும்? குட்டி போட்ட தாய் மட்டும் மார்கழி, தை மாதங்களில் குகைக்குள் குட்டிகளோடு ஒடுங்கிக் கிடக்கும். இதில் ஒரு வேடிக்கை. நம் கரடிக்கு ஆங்கிலத்தில் 'ஸ்லாத் பேர்', அதாவது சோம்பேறிக் கரடி என்று பேர். 1791-ல் ஜார்ஜ் ஷா என்பவர் அதன் நீண்ட நகங்களைப் பார்த்து, மரத்தில் தொங்கும் 'ஸ்லாத்' என்கிற பிராணியின் சொந்தம் என்று நினைத்து வைத்த பேரின் மிச்சம் அது. பாவம், குளிர்காலத்தில் தூங்காத கரடிக்குத்தான் சோம்பேறிப் பட்டம்!

அப்போதுதான் பாறையில் உட்கார்ந்திருந்த ஆயா வாயைத் திறந்தார்.

"மார்கழில வந்து தேடுனா எப்படி கண்ணு? இங்க தூங்குறதெல்லாம் கோடையிலதான். காஞ்ச காட்டுல ஒரு முழம் தோண்டிப் பாரு, மண்ணாங்கட்டியாட்டம் தேரை உக்காந்திருக்கும். கையில எடுத்தாக்கூட அசையாது. மழ பேஞ்ச அன்னிக்கு ராத்திரி கத்துற கத்துல ஊரே தூங்காது."

ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் சொன்னது அத்தனையும் சரி. மண்ணில் புதையும் தவளைகளுக்குப் பின்னங்காலில் மண்வெட்டி மாதிரி ஒரு தடிப்பு உண்டு. பின்பக்கமாகவே தோண்டி இறங்கிவிடும். உடம்புக்குள் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு, தோலாலும் மூச்சு விட்டுக்கொண்டு மழைக்காகக் காத்திருக்கும். இதற்குக் கோடை உறக்கம் என்று பெயர். பழமொழி நானூறில் வாயால் கெடுவதாகச் சொல்லப்படும் 'நுணல்' கூட மணலுக்குள் மறைந்து கிடக்கும் தவளைதான்.

"கல்லுக்குள்ள இருக்கிற தேரைக்கும் படியளக்கிறவன் இருக்கான்ல" என்றார் ஆயா. இதையும் ஒருவர் சோதித்துப் பார்த்திருக்கிறார்! 1825-ல் வில்லியம் பக்லேண்ட் என்கிற ஆக்ஸ்ஃபோர்டு நிலவியல் அறிஞர், கல்லில் குழி குடைந்து, உள்ளே தேரைகளை வைத்து மூடி, தன் தோட்டத்தில் மூன்றடி ஆழத்தில் புதைத்தார். ஒரு வருஷம் கழித்துத் தோண்டினார். மணற்கல்லில் இருந்தவை எல்லாம் செத்திருந்தன. நுண்துளை உள்ள சுண்ணாம்புக் கல்லில் இருந்த பெரிய தேரைகள் சில மட்டும் உயிரோடு இருந்தன. மறுபடி புதைத்தார். அடுத்த வருஷம் முடிவதற்குள் அவையும் செத்தன. சேமிப்பு எவ்வளவு இருந்தாலும் அதற்கு ஒரு எல்லை உண்டு.

பாப்பா விடவில்லை. "தேரை தூங்குறப்போ நீங்க என்ன பண்ணுவீங்க ஆயா?"

"நாங்க எங்க தூங்குறது? கெணறு வத்துனா தேரை மண்ணுக்குள்ள போவும், நாங்க பெங்களூருக்குப் போவோம். சித்தாள் வேலை. உங்கப்பன அங்க மணல் மேட்டுமேலதான் தூங்க வெப்பேன். தவளை கத்துச்சுன்னு ஊர்லருந்து சேதி வந்தா மூட்டையக் கட்டிக்கிட்டுத் திரும்பிடுவோம்."

அப்பா ஒன்றும் பேசவில்லை. சின்ன வயதில் பெங்களூரில் இருந்தோம் என்று மட்டும்தான் அவர் வீட்டில் சொல்லியிருக்கிறார். அம்மா மெல்ல, "எத்தனை வருஷம் அத்தை?" என்றார். "யாரு கணக்கு வெச்சா" என்று ஆயா எழுந்து நடந்தார். அம்மா தானாகவே போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

வேலிக்கல் ஒன்றின் அடியில் ஒரு நத்தை ஒட்டிக்கொண்டிருந்தது. ஓட்டின் வாயில் காய்ந்த கோந்து மாதிரி ஒரு மூடி. ஈரம் வற்றினால் நத்தை இப்படிக் கதவைச் சாத்திக்கொள்ளும். பாப்பா பிய்க்கப் போனாள். "விடு கண்ணு, அது வூட்டச் சாத்திக்கிட்டுக் கெடக்குது" என்றார் ஆயா. 1846 மார்ச்சில் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் எகிப்து நாட்டுப் பாலைவன நத்தை ஒன்றைச் செத்துவிட்டது என்று நினைத்து அட்டையில் ஒட்டி வைத்தார்கள். 1850-ல் சந்தேகப்பட்டு வெந்நீரில் போட்டால், தலையை நீட்டியது! நான்கு வருஷம்!

காபிச் செடியும் இதே கதைதான். பனிக்காலம் முடிந்ததும் மொட்டுகள் வளராமல் அப்படியே நின்றுவிடும். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழ வேண்டும். விழுந்து பத்து நாளுக்குள் தோட்டமே வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த மழை தவறினால் விளைச்சல் போயிற்று.

இப்படி மண்ணுக்குள்ளும் சருகுக்கு அடியிலும் இத்தனை உயிர் மழைக்குக் காத்திருக்கிற மாதங்களில்தான் நாம் சருகைக் கூட்டித் தீ வைக்கிறோம். காட்டுத்தீ பிடிப்பதும் அந்த மாதங்களில்தான். வளைக்குள் ஆழமாக இறங்கியது தப்பிக்கலாம். சருகுக்கு அடியில் கதவைச் சாத்திக்கொண்ட நத்தை எங்கே ஓடும்?

வீட்டுக்கு வந்ததும் பாப்பா நோட்டை எடுத்தாள். பனிக்கரடிப் படத்தைக் கிழிக்கவில்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். எதிர்ப் பக்கத்தில் பென்சிலால் ஒரு தேரை. மேலே மண், மண்ணுக்கு மேலே சூரியன். தூரத்தில் ஒரு பஸ், அதில் மூட்டையோடு ஒரு பெண். டீச்சர் மார்க் போடுவாரா என்று தெரியாது.

போகி அன்று விடியற்காலை அப்பா பழைய பாயை மட்டும்தான் எரித்தார். கொல்லையில் வேப்ப மரத்தடியில் குவிந்திருந்த சருகு அப்படியே கிடந்தது. "இதையும் கொளுத்திடலாம்ல?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

"இருக்கட்டும்ங்க, உள்ள யாராச்சும் தூங்குவாங்க" என்றார் அப்பா.