அப்பாவோட வாய்ப்புண்ணும் கரண்ட் மெஷினும்

பதிவு போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. தீசிஸ் மேல பழியைப் போடலாம்னு பார்த்தேன், ஆனா காரணம் அது இல்ல.

ஒரு ஞாயித்துக்கிழமை போன்ல அப்பா பேச்சு கொழகொழன்னு இருந்துச்சு. "ஒண்ணுமில்லடா, நாக்கு ஓரத்துல சின்னப் புண்ணு. சூடு"ன்னார். பின்னாடியிருந்து அம்மா, "ஒரு மாசமா இருக்கு, சொன்னா கேக்கறாரா"ன்னாங்க. மணத்தக்காளி கீரை, தேங்காய்ப்பால், மாசிக்காய் எல்லாம் ஆயிடுச்சாம். அப்பாவுக்கு முப்பது வருஷ வெத்தலைப் பழக்கம். புகையிலையும் உண்டு. அது அம்மாவுக்குத் தெரியாதுன்னு அவர் நினைச்சிட்டிருக்கார் :-)

பக்கத்து வீட்டு மாமாவுக்கு முட்டிவலிக்கு கரண்ட் வச்சு சரியாச்சாம். வாய்ப்புண்ணுக்கும் அப்படி மெஷின் இருக்காம். "வெளிநாட்டுலதானே இருக்கே, நல்லதா ஒண்ணு பாத்து அனுப்பேன்"ன்னார்.

டூப்புன்னு நிரூபிக்கத்தான் தேட ஆரம்பிச்சேன். டூப்பு இல்லீங்க!

நான் இருக்கிற இதே பெர்லின்ல 1840-கள்ல எமில் டு புவா ரேமோன்னு ஒருத்தர், தன் விரலையே வெட்டிக்கிட்டு, காயத்துலேருந்து கரண்ட் வருதுன்னு கால்வனோமீட்டர்ல அளந்து காட்டினார். சுமார் ஒரு மைக்ரோஆம்ப். நம்ம தோல், வாயோட உள்தோல் ரெண்டுமே உப்பு அயனிகளைத் தள்ளிக்கிட்டே இருக்கறதால, மேல்பக்கத்துக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல சில பத்து மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும். ஒரு குட்டி பேட்டரி மாதிரி. காயம் பட்டா அந்த இடத்துல ஷார்ட் சர்க்யூட். சுத்தியிருக்கிற செல்கள் அந்த மின்புலத்தைப் பிடிச்சுக்கிட்டே காயத்தை மூட நகர்ந்து வருது. செல்லுக்குள்ள எந்தெந்த மரபணு இந்த வேலையைப் பார்க்குதுன்னு அபர்தீன்லேருந்து மின் ஜாவோ குழு 2006-ல நேச்சர்ல எழுதினாங்க.

வாயிலயும் முயற்சி பண்ணியிருக்காங்க. ஈறு ஒட்டறதுக்காக மேலண்ணத்துலேருந்து சதை எடுத்தா அங்க ஒரு திறந்த புண்ணு வரும், சாப்பிடவே முடியாது. பிரேசில்ல அந்தப் புண்ணுக்கு மைக்ரோகரண்ட் வச்சுப் பார்த்ததுல சீக்கிரம் மூடுச்சுன்னு 2021-ல ஆய்வு வந்திருக்கு. மாமாவுக்கு முட்டில வச்சது மில்லிஆம்ப் சமாச்சாரம். இது அதுல ஆயிரத்துல ஒரு பங்கு, நாக்குல சுர்ருன்னு கூட இருக்காது.

சரி, ஒண்ணு வாங்கி அனுப்பிடலாம்னு விலை கூடப் பார்த்துட்டேன். அப்பதான் ஒரு வரி கண்ணுல பட்டுச்சு. மின்புலத்தைப் பார்த்து நகர்றது நல்ல செல்கள் மட்டுமில்ல, பல வகைப் புற்று செல்களும்தான். கட்டி இருக்கலாம்னு சந்தேகப்படற இடத்துல கரண்ட் வைக்கக்கூடாதுங்கறது பிசியோதெரபில பாலபாடமாம். வாய்ப்புண்ணு சாதாரணமா ரெண்டு வாரத்துல ஆறிடணும். ஆறலன்னா டாக்டர் பார்த்தே ஆகணும். அதுவும் புகையிலை போடறவங்க, நாக்கு ஓரம்... அன்னைக்கு ராத்திரி தூங்கல.

அந்த வார்த்தையை அப்பாகிட்ட எப்படிச் சொல்றது? சொல்லல. "மெஷினுக்கு டாக்டர் சீட்டு கேக்கறாங்கப்பா, நாக்குலேருந்து சின்னதா சதை எடுத்து டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட்டும் வேணுமாம்"னு ஒரு பொய். டாக்டர்கிட்ட போகாத மனுஷன், மெஷினுக்காக மறுநாளே போயிட்டார்.

கீழ்க் கடைவாய்ப்பல் ஒண்ணு உடைஞ்சு, அதோட கூர் முனை நாக்கை அறுத்துக்கிட்டே இருந்திருக்கு. பல் டாக்டர் அதை ராவி விட்டார். புகையிலைக் கதையைக் கேட்டுட்டு பயாப்சியும் எழுதினார் (அம்மா பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க!). ரிப்போர்ட் வர்ற வரைக்கும் ஒன்பது நாள் நான் லேபுக்குப் போய் வந்தேனே தவிர, ஒரு வேலையும் செய்யல.

புற்று இல்ல. போன வாரம் புண்ணும் ஆறிடுச்சு. வெத்தலைப் பெட்டியை அம்மா பரண்ல போட்டுட்டாங்களாம்.

நேத்து அப்பா போன் பண்ணார். "சீட்டுதான் வாங்கியாச்சே, மெஷின் எப்படா அனுப்புவே?"