சந்தா முடிந்தால் புத்தகமும் போய்விடும்

அனந்தபுரத்தில் எங்கள் படிப்பு வட்டத்துக்கு வரும் கல்லூரித் தங்கை ஒருத்தி போன மாதம் கேட்டாள்: "அக்கா, பாதி படிச்ச புக்கு இன்னைக்குத் திறக்க மாட்டேங்குது. நான் என்ன தப்பு பண்ணேன்?" தப்பு எதுவுமில்லை. மாதக் காசு கட்ட முடியவில்லை, அவ்வளவுதான்.

செயலிகளை ஒப்பிடும்போது நாம் விலையைத்தான் பார்க்கிறோம். 2015இல் கிண்டில் அன்லிமிடெட் இந்தியாவுக்கு வந்தபோது மாதம் 199 ரூபாய். ஓர் அச்சுநூல் விலையில் பல நூல்கள். எழுத்தைப் பெரிதாக்கலாம், நெட் இல்லாமலும் படிக்கலாம். வசதிதான். ஆனால் எல்லாம் இரவல். சந்தா நின்றால் நூலும் போய்விடும். 2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் கடையில் விற்கும் நூலெல்லாம் கிடைக்காது. ஆனால் இறக்கிய கோப்பு நம்மிடமே இருக்கும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதால் நண்பர்களுக்கும் அனுப்பலாம்.

1936இல் லாகூர் மாநாட்டில் பேச முடியாமல் போன உரையை அம்பேத்கர் தன் செலவில் அச்சிட்டார். 1,500 பிரதிகளும் இரண்டே மாதத்தில் தீர்ந்தன. மேடை மறுக்கப்பட்ட பேச்சு, கையில் தங்கும் நூலானதால்தான் நம் வரை வந்தது. இன்று அவருடைய ஆங்கிலத் தொகுதிகள் வெளியுறவு அமைச்சகத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

தோழர்களே, சந்தா வேண்டாம் என்று சொல்லவில்லை. தேவைப்படும் மாதம் கட்டுங்கள், படியுங்கள், குறிப்பெடுங்கள். திரும்பத் திரும்ப வேண்டிய நூலை மட்டும் சொந்தமாக்கிக்கொள்ளுங்கள்.

தங்கையின் போனில் இப்போது அம்பேத்கர் தொகுதி ஒன்று இருக்கிறது. அவளிடமிருந்து மூன்று பேர் வாங்கிவிட்டார்கள்.